பன்றிக்குப் போட்ட முடி

ஆவுடையம்மாளின் வெண்டைத் தோட்டத்துக்குக் காட்டுப்பன்றிகள் காலை ஒன்பதரைக்கு வரும். பத்தரைக்குத் திரும்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. நேரம் தவறாத விஷயத்தில் அவற்றைக் குறை சொல்ல முடியாது.

மலையடிவாரத்தில் முப்பது சென்ட். விதை போட்டு நாற்பத்தைந்து நாள். இப்படியே ஒரு வாரம் போனால் பறிக்க ஒரு காய் மிஞ்சாது. ஆவுடையம்மாளுக்கு உட்கார்ந்தால் கால் ஆடியது, நின்றால் கை அரித்தது. பழைய சேலைகளைச் சுற்றிலும் கட்டிப் பார்த்தாள். பன்றிகள் முந்தானையை முகர்ந்துவிட்டு, சாயம் போய்விட்டது என்றன.

அடுத்தது முடி. மனித முடி மூக்கில் ஏறினால் பன்றி அந்தப் பக்கம் தலைகாட்டாது என்பது ஊரறிந்த வைத்தியம். சலூன் முப்பிடாதி ஒரு சாக்கு நிறைய அள்ளிக் கொடுத்தான்.

"வந்தா மலை, போனா மயிரு. கொண்டு போங்கக்கா."

வரப்பெல்லாம் தூவினாள். ஒன்பதரைக்குப் பன்றிகள் வந்தன. பெரிய பன்றி குனிந்து, பொடி போடுகிறவரைப் போல நிதானமாக உறிஞ்சியது. தும்மவில்லை.

"இது தலையாரி முடி. இது போஸ்ட்மேன் முடி. இவங்க யாரும் எங்கள வரக்கூடாதுன்னு சொல்லலயே. உங்க முடி எங்க?"

"என் தலையில இருக்கு."

"அப்போ தோட்டம் உங்களுது இல்ல."

சொல்லிவிட்டு ஒரு பாத்தி வெண்டையைத் தின்றது. ஆவுடையம்மாளுக்கு வயிறு எரிந்தது. ஆனால் நியாயம் அதன் பக்கம் இருப்பதுபோலவும் பட்டது. அதுதான் இன்னும் எரிந்தது.

வன அலுவலகத்துக்கு ஓடினாள். அவள் நடக்க நடக்க அலுவலகத் தாழ்வாரம் நீண்டது. வழியில் இரண்டு தடவை உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். மேசையை எட்டியபோது அதிகாரி படிவத்தோடு தயாராக இருந்தார்.

"தின்னுட்டுப் பேசுச்சா, பேசிட்டுத் தின்னுச்சா?"

"பேசிட்டுத்தான்யா தின்னுச்சு."

"அப்போ முறைப்படிதான் தின்னுருக்கு. உங்க முடி எவ்வளவு நீளம்?"

"இடுப்புக்குக் கீழ வரும்."

"தோட்டத்தச் சுத்திப் போடப் போதும்," என்று எழுதிக்கொண்டார்.

சங்கடம் என்னவென்றால், அந்த முடி சாஸ்தாவுக்கு நேர்ந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் வந்தால் பங்குனி உத்திரத்தன்று இறக்குகிறேன் என்று சொல்லி வளர்த்தது. தண்ணீரும் வந்துவிட்டது. ஆவுடையம்மாள் கிணற்றடிக்கும் வரப்புக்குமாக முப்பது நடை நடந்தாள். சாமி ஒரு வருஷம் பொறுக்கும், வெண்டைக்காய் ஒரு நாள் பொறுக்காது என்று கடைசியில் தனக்குத்தானே தீர்ப்புச் சொன்னாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

முப்பிடாதி மழித்துக் கொடுத்தான். அவள் இழைக்கு இழை முடிச்சுப் போட்டு, தோட்டத்தைச் சுற்றித் தரையில் ஒரே கோடாக இழுத்துக்கொண்டே வந்தாள். தொடங்கிய இடத்துக்கு வந்தபோது சரியாக இருந்தது. ஒரு இழைகூட மிஞ்சவில்லை.

ஒன்பதரை. பன்றிகள் வந்தன. கோட்டை முகர்ந்தன. நின்றன. ஒன்றுகூடக் காலைத் தூக்கி வைக்கவில்லை. ஆவுடையம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. வெண்டைக்காய்கள் விரல் நீளத்தில், பிஞ்சாக, பறிக்கிற பதத்தில் நின்றன. கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

கோட்டருகே கால் நின்றுவிட்டது. தள்ளிப் பார்த்தாள். இன்னொரு காலை வைத்துப் பார்த்தாள். சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கமாக வந்து பார்த்தாள். அங்கேயும் நின்றது.

"போக முடியாதும்மா," என்றது பெரிய பன்றி. "உள்ள ஆள் இருக்கு."

"யாரு?"

"ஆவுடையம்மா."

"அப்போ நான்?"

பன்றி அவளுடைய மொட்டைத் தலையை வெகுநேரம் பார்த்தது. சற்று ஒதுங்கி, வரிசையில் அவளுக்கு இடம் விட்டது.

அவள் நின்றாள். உள்ளே காய்கள் ஒவ்வொன்றாக முற்றத் தொடங்கின. பத்தரை மணிக்குப் பன்றிகள் மலைப் பக்கம் கிளம்பின. கொஞ்ச தூரம் போய், அவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தன.