ரேவதியைப் பேசச் சொன்னார்கள்

பௌர்ணமிக்கு மறுநாள் காலையாகப் பார்த்து ஆபீசர் அம்மா வந்து நின்றதுதான் வினையாகப் போயிற்று.

பௌர்ணமி இரவில் நொச்சிமேட்டில் யாரும் தூங்குவதில்லை. மலையைச் சுற்ற வரும் கூட்டத்தை நம்பி ஊரில் பாதிப் பேர் கிரிவலப் பாதையோரம் கடை போட்டுவிடுவார்கள். சுண்டல், இளநீர், சுக்கு காபி, வெள்ளரிப் பிஞ்சு என்று வீட்டுக்கு ஒன்று. சில்லறை வாங்கிப் போடுவது பிள்ளைகள் வேலை. விடிந்து வந்து பாயில் விழுந்தால் மதியம் வரைக்கும் இடி இடித்தாலும் எழுந்திருக்க மாட்டார்கள். ஊர் உயர்நிலைப் பள்ளிக்கும் இது பழகிப்போன சங்கதி. அன்றைக்கு வாத்தியார்கள் புதுப் பாடம் எடுப்பதில்லை.

கல்வி அலுவலகத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஆபீசர் அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவர் ஒன்பதாம் வகுப்பில் நுழைந்தபோது ஒரே ஒரு பெஞ்சில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற பெஞ்சுகளில் வெயில் விழுந்து கிடந்தது. மூன்று பேரில் ஒருத்தி ரேவதி. இரவெல்லாம் இளநீர்க் கடையில் நின்றதில் கண் எரிய, எழுந்து வணக்கம் சொன்னாள். சத்தம் வெளியே வரவில்லை. அவளுக்கு எப்போதும் அப்படித்தான்.

"பௌர்ணமி மறுநாள் மேடம். நாளைக்கு வந்தா நிறைய பேர் இருப்பாங்க" என்றார் தலைமையாசிரியர் ராஜேந்திரன்.

"பௌர்ணமி மாசாமாசம் வருதே சார்" என்றார் ஆபீசர் அம்மா.

உள்ளபடி பார்த்தால் மறுநாள் வந்திருந்தாலும் கூட்டம் ஒன்றும் அலைமோதியிருக்காது. காலையில் டவுன் இங்கிலீஷ் பள்ளியின் மஞ்சள் வேன் ஊருக்குள் வந்து திரும்பும்போது ஜன்னலுக்கு ஜன்னல் டை கட்டிய தலைகள். ஒன்று இரண்டாக ஆரம்பித்தது, இப்போது ஆறாவது சேர்க்கக்கூட ஆள் தேட வேண்டியிருந்தது. கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போய் வருஷம் ஒன்றாகியும் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை.

பத்து நாளில் சேதி வந்தது. ஜூன் முதல் ஒன்பதாவதும் பத்தாவதும் இங்கே இருக்காது, டவுன் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். பெற்றவர்கள் கூடி, எங்கள் பிள்ளைகளை வெளியே அனுப்ப மாட்டோம், இங்கேயே நடத்துங்கள் என்று ஒரே பேச்சாகச் சொன்னால் மேலே எழுதிப் பார்ப்பதாக ஆபீசர் அம்மா சொல்லியிருந்தார். அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள்.

சேதி வந்த அன்று ராத்திரி சோறு போடும்போதே ரேவதியின் அம்மா வள்ளி பேச்சை எடுத்தாள்.

"இஸ்கூலு போயிடுச்சின்னா இவளுக்கு இன்னா வழி?"

"இன்னா வழி? இங்க இருக்கிற வரைக்கும் படிக்கட்டும்" என்றார் அப்பாதுரை. "டவுனுக்கு ரெண்டு பஸ் மாறணும். சாயங்காலம் இருட்டிப் போய் வந்து எறங்குவா. அதெல்லாம் நமக்கு ஆவாது."

"தம்பி போற வேன்ல ஏத்தி உடலாம் இல்ல?"

"அவன் ஒருத்தனுக்கே தாவு தீருது. ரெண்டு பேருக்குக் கட்ட நான் இன்னா ஜமீன் வூட்டுப் பிள்ளையா?"

அஞ்சாவது படிக்கும் கைலாஷ் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தான். ரேவதி தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தாள். அப்பா கோபமாகச் சொல்லவில்லை. மழை வராது என்று சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் ராஜேந்திரன் சார் அவளைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நீ நாலு வார்த்தை பேசணும்மா. இந்த ஸ்கூல் ஏன் வேணும்னு. நான் பேசினா சம்பளத்துக்குப் பேசறான்னு சொல்லுவாங்க. படிக்கிற பொண்ணு வாயால வந்தா அது வேற. அந்தம்மா உன்னை அன்னிக்குப் பார்த்திருக்காங்க. ராத்திரி பூரா கண்ணு முழிச்சிட்டும் வந்த பொண்ணுன்னு நான் சொல்றேன்."

"நானா சார்?"

"வேற யாரு?"

மாட்டுக்குப் புல் அறுக்கப் போன இடத்தில் ரேவதி பேசிப் பார்த்தாள். கடலைக் கொல்லையில் கேட்க ஆளில்லாதபோது வார்த்தை தடையில்லாமல் வந்தது. கூட்டத்துக்கு ஏற்றதாக ஒன்றைத் தயார் செய்தாள்: எங்கள் பள்ளியில் பெரிய மைதானம் இருக்கிறது, நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், எல்லாம் இலவசம். சொல்லி முடித்ததும் அவளுக்கே சப்பென்று இருந்தது. உண்மையான காரணங்கள் வேறு. வயிற்று வலி வருகிற நாளில் பாதி வகுப்பில் எழுந்து வீட்டுக்கு நடந்துவிடலாம். பெஞ்சில் கூட உட்காரும் ஆர்த்திக்கு மாமன் மகன் காத்திருக்கிறான், பள்ளி போனால் தை மாதமே தாலி. எல்லாவற்றுக்கும் மேலே, இந்தப் பள்ளி போனால் என் அப்பா என்னை நிறுத்திவிடுவார். இதையெல்லாம் ஊர் ஆண்கள் முன்னால் எந்த வாயால் சொல்வது?

கூட்டம் சத்துணவுக் கூடத்தில் நடந்தது. ஆபீசர் அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். முன்வரிசையில் அப்பாதுரை மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கைலாஷ், ஞாயிற்றுக்கிழமையிலும் வெள்ளை ஷூவோடு.

சார் ஐந்து நிமிஷம் பேசினார். மஞ்சள் வேனை ஓட்டும் முருகையன் பின்னாலிருந்து கை தூக்கினான்.

"சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பொண்ணு எங்க படிச்சிது?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டவுன்ல."

"டவுன்லன்னா? கோயிலுக்குள்ளயா? அண்ணாமலையாரு பாடம் எடுத்தாரா?"

கூடம் சிரித்தது. "இங்கிலீஷ் மீடியம்தான்" என்றார் சார், மெல்ல.

"அவ்ளோதான் சார். உங்க பிள்ளைக்கு நீங்க நல்லது பாத்தீங்க. எங்க பிள்ளைக்கு நாங்க பாக்கக் கூடாதா?"

சத்துணவு சமைக்கும் ராணியம்மாள் அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "ஏண்டா முருகையா, வூட்டுப் பக்கத்துல கீற கெணத்தத் தூத்துட்டு டேங்கர் லாரிக்கு கொடத்தத் தூக்கினு நிக்கச் சொல்றியா?"

"கெணத்துல தண்ணி இருந்தா நான் ஏன் யக்கா லாரிக்கு நிக்கிறேன்? கணக்கு வாத்தியார் எங்க? ஒரு வருஷமா கணக்க யாரு சொல்லிக் குடுத்தது, நீயா?"

"நான் சொல்லிக் குடுத்திருந்தா நீ வேனுக்கு வாங்கற காசு சரியாத்தான் இருக்கான்னு பிள்ளைங்க கேட்டிருக்கும்டா!"

மறுபடி சிரிப்பு. ஆபீசர் அம்மாவும் சிரித்துவிட்டார். "போஸ்ட் கேட்டா பசங்க கம்மின்னு சொல்றாங்க" என்றார் சார். "வாத்தியார் இல்லன்னுதான் பசங்க கம்மி" என்றார் யாரோ. அதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை. ஆனாலும் ராணியம்மாள் பக்கம் நாலைந்து பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். டவுனில் விட்டால் யார் கூட்டிவருவது, பொட்டப் பிள்ளைகளுக்கு இங்கேதான் தோது என்று குரல் எழும்பியது. சில ஆண்கள்கூடத் தலையாட்டினார்கள். அந்த நேரம் பார்த்து சார், "நம்ம பொண்ணு ஒண்ணு பேசும். கேளுங்க. ரேவதி, வாம்மா" என்றார்.

ரேவதி எழுந்து முன்னால் போனாள். கூடம் அடங்கியது.

மைதானம் என்ற வார்த்தை வாய்வரை வந்தது. அதைச் சொல்லப் போகும்போதுதான் அப்பாவைப் பார்த்தாள். அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, மகள் என்ன சொல்லப்போகிறாள் என்று ஆவலாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மைதானமும் இலவசமும் தொண்டையிலேயே பொய்யாகிப் போயின. மெய்யைச் சொன்னால் ஊர் பார்க்க அப்பாவைக் குற்றவாளி ஆக்க வேண்டும். உதடு அசைந்தது. சத்தம் இல்லை. சார் கையால் ஜாடை காட்டினார். ஆர்த்தி தலையைக் குனிந்துகொண்டாள். எங்கேயோ ஒரு கைக்குழந்தை அழுது ஓய்ந்தது. ரேவதி அப்படியே நின்றாள்.

"உடுங்க சார், பாவம்" என்றான் முருகையன். கேலி இல்லை, நிஜமாகவே இரக்கப்பட்டுச் சொன்னான். "பொண்ணு மேல தப்பில்ல. ஒம்பதாவது படிக்குது. நம்ம ஜனம் முன்னாடி, நம்ம பாஷையில நாலு வார்த்தை வரல. நான் வேற சொல்லணுமா?" பிறகு திரும்பி, "டேய் கைலாஷு, எழுந்திருடா. பேர் ஊர் சொல்லு, ஸ்கூல்ல சொல்ற மாதிரி" என்றான்.

கைலாஷ் எழுந்து கையைக் கட்டிக்கொண்டான். "குட் மார்னிங் எவ்ரிபடி. மை நேம் இஸ் கைலாஷ். ஐ ஆம் ஸ்டடியிங் இன் ஃபிஃப்த் ஸ்டாண்டர்ட்…" நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனான். அப்பா பேர், அம்மா பேர், பிடித்த பழம், பிடித்த மிருகம். முடித்ததும் கூடமே தட்டியது. சற்று முன்னால் ராணியம்மாளுக்குத் தலையாட்டியவர்களும் தட்டினார்கள். அப்பாதுரை பக்கத்தில் இருந்தவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்துச் சிரித்தார். கைலாஷ் மட்டும் அக்காவைப் பார்த்தான், சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல்.

அதன் பிறகு யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஆபீசர் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு, "பெற்றவங்க விருப்பம்தான் சார்" என்றார். டீயும் பிஸ்கட்டும் வந்தன. ரேவதிக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள்.

மே மாதம் டி.சி. வாங்க அப்பாதுரை மகளைக் கூட்டிப்போனார். அலுவலக அறையில் பாதிச் சாமான்களைக் கட்டி வைத்திருந்தார்கள். ராஜேந்திரன் சார் அவளைப் பார்க்காமல் அவள் அப்பாவைப் பார்த்து, "டவுன்லதானே சேக்கறீங்க?" என்றார்.

"ஆமாங்க, பாக்கணும்" என்றார் அப்பாதுரை, சுவரைப் பார்த்து.

அதற்குள் போன் அடித்தது. ஆபீசர் அம்மா. அவர் பேசுவது போனுக்கு வெளியேயும் கேட்டது. ஒன்பதாவது பிள்ளைகள் எல்லாரும் டவுனில் சேருகிறார்கள்தானே, ஒருத்தரும் நின்றுவிடவில்லையே என்று கேட்டார்.

"எல்லாரும் சேந்துடுவாங்க மேடம்" என்றார் சார்.

"நான் சேரல சார்" என்றாள் ரேவதி. "எங்கப்பா அனுப்ப மாட்டாரு. நான் வீட்லதான் இருக்கப்போறேன்."

குரல் நடுங்கவில்லை. வாசலில் டி.சி.க்குக் காத்து நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாதுரையின் முகம் கறுத்தது. சார் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். கூட்டத்துக்குப் பிறகு அவளை அவர் நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"ஹலோ? யாரு சார் அது பேசறது?"

சார் கையை எடுத்தார். "ஒண்ணும் இல்ல மேடம். பிள்ளைங்க, சும்மா."

அப்பாதுரை டி.சி.யை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "வாய் இப்பத்தான் வந்துதா உனக்கு?" என்றார், வெளியே வந்து. அடிக்கவில்லை. திட்டவும் இல்லை. வெயில் ஏறிவிட்டது, கடலைக்குக் களை எடுக்க ஆள் வரவில்லை, வெரசாக நட என்று மட்டும் சொன்னார்.