நாற்பத்தேழு கிலோ

கோட்டை வாசலில் இருந்து கோணேசர் கோயிலடி வரைக்கும் ஏறுகிற தெருவில்தான் என் மகள் மெலனி சைக்கிள் ஓடிப் பழகினாள். பழக்கியவர் குறிஞ்சாக்கேணி முனீப் சேர். வெளிநாட்டு அணி ஒன்று ஆள் எடுக்கிறது, சனிக்கிழமை பார்க்க வருகிறார்கள், அந்த மேட்டில் கிலோவுக்கு நாலு வாற்ஸ் வந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்கள் என்றார்.

துறைமுகத்தில் கோதுமை மாச் சாக்குச் சுமக்கிறவனுக்கு வாற்ஸ் என்றால் பல்ப்தான். சேர் பொறுமையாகச் சொன்னார். மேடு என்ன உயரம், எவ்வளவு நேரத்தில் ஏறினாள், ஆளும் சைக்கிளும் சேர்ந்து என்ன நிறை. இதை வைத்துக் கால் கொடுத்த பலத்தைக் கணக்குப் பார்த்து, அவளுடைய நிறையால் பிரிக்க வேண்டும்.

கணக்கில் மூன்றுகூட வரவில்லை. ஆனால் மிதிக்கிற பலத்தை நேராக அளக்கிற மீற்றர் ஒன்று பெடலில் பூட்டியிருந்தது. அது அஞ்சு என்றது. சேர் வேறு மீற்றர் பூட்டிப் பார்த்தார். அதுவும் அஞ்சு. சமதரையில் கணக்கும் மீற்றரும் ஒத்துப் போயின. மேட்டில்தான் கணக்குப் பிழைத்தது.

"இதென்ன புதினம்! சைக்கிளில இன்னும் நாற்பத்தேழு கிலோ இருந்தாத்தான் இந்தக் கணக்குச் சரி. என்ன மெலனி, அப்பாட மா மூட்டையக் கட்டிக்கொண்டா ஓடுறீங்க?"

நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். மூட்டை ஐம்பது கிலோ. நாற்பத்தேழு என்றால் றிக்சன்.

மெலனியின் தம்பி. எனக்குச் சோறு கொண்டுவந்த ஒருநாள் மூட்டைத் தராசில் ஏறி நின்று, "மூட்டையவிட மூண்டு கிலோதான் குறைவு, என்னையும் கப்பலில ஏத்துங்கோ அப்பா" என்றான். அந்தக் கிழமையே துறைமுக ஜெட்டியில் வழுக்கிக் கடலில் விழுந்து போய்விட்டான்.

அவனை ரியூசனுக்கு மெலனிதான் சைக்கிள் பாரில் வைத்துக் கொண்டுபோவாள். மேடு வந்தால் பாரில் இருக்கிறவன் இறங்கி நடக்கவேண்டும். அவன் ஒருநாளும் இறங்கினதில்லை.

அன்றிரவு குசினியில் கேட்டேன். "உனக்கு ஏதும் தெரியுதா பிள்ளை?"

"ஓம் அப்பா." அவள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். "வாசல் தாண்டினவுடன ஏறுவான். அவன்ர தலைமயிர் என்ர நாடியில முட்டும். ஈரமாக் கிடக்கும்."

"இறங்கச் சொல்லன்."

"எங்க இறங்கச் சொல்லுறது? அவனுக்கு நீந்தத் தெரியாதே."

எங்கள் வேலையில் முதுகுச் சுமையைத் தானாக இறக்க ஏலாது. இன்னொருவன் முதுகைக் கொடுத்து வாங்கவேண்டும். வாங்குகிறவன் "விடு" என்பான். கொடுத்தவன் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். பார்த்தால் இரண்டு பேரின் இடுப்பும் போகும்.

சனிக்கிழமை சேரும் வந்தவர்களும் மேலே கோயிலடியில் நின்றார்கள். நான் கோட்டை வாசலுக்கு உள்ளே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழிருந்து ஒரு தலை முட்டினதுபோல் மெலனியின் நாடி மெல்ல உயர்ந்தது.

"ஏறிட்டான்" என்றாள்.

நான் திரும்பி, சைக்கிள் பாருக்கு முதுகைக் கொடுத்துக் குனிந்தேன். "விடு பிள்ளை. திரும்பிப் பாராத."

சில்லுச் சத்தம் மட்டும் மேலே போனது. என் முழங்கால் மடங்கியது. சட்டை முதுகோடு நனைந்தது. கோட்டைக்குள் புல் மேய்ந்த மான்கள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டு விலகிப் போயின.

போன் அடித்தது. "சிறில் அண்ணன்! அஞ்சு! கணக்கும் மீற்றரும் ஒண்டா வந்திட்டு. எடுத்திட்டாங்க! மேல வாங்களேன்!"

"ஏலாது சேர். கொஞ்சம் பாரமாக் கிடக்கு."

மெலனி இப்போது குளிர்நாட்டு மலைகளில் ஓடுகிறாள். பாரில் ஒருவரும் இல்லையாம். நான் இன்னும் மா மூட்டைதான் சுமக்கிறேன். மூட்டையை இறக்கின பிறகும் என் முதுகு நிமிராது. மற்றவர்கள் வயது என்கிறார்கள்.

வேலை முடிந்து கப்பல்துறைக் கிராமத்தில் இருக்கிற வீட்டுக்கு நடந்து போகிற வழியில் ஒரு மேடு வரும். அதில் ஏறும்போது பிடரியில் தண்ணீர் சொட்டும். நான் இறங்கச் சொல்வதில்லை.