தொலைந்துபோனதாகச் சொன்ன கார்புரேட்டர்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. மராத்தி பேசும் ஊரில், கோந்த்வா பேட்டையில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் மேல்மாடி ஸ்ரீவித்யா, மாடிப்படியில் மூச்சு வாங்க நின்று சொன்னது. சொல்லி முடித்ததும், யாரிடமும் சொல்லாதீர்கள் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொன்னது வேறு.

"நீங்க இதை எழுதிடுங்களேன், சார்."

ஏன் அப்படிக் கேட்டார் என்பதைக் கடைசிவரை மறைத்து வைக்கத்தான் என் கை பரபரக்கிறது. வாராவாரம் தொடர்கதை எழுதிப் பிழைப்பவனின் புத்தி. வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் கணவர் வசந்தகுமார், தன் நண்பர் இருதயராஜிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறார். இருதயராஜ் நான் எழுதும் வார இதழைத் தபாலில் வரவழைத்துப் படிப்பவர். வாயால் சொல்ல முடியாததை அச்சில் சொல்லிவிடலாம் என்பது அந்த அம்மாளின் கணக்கு.

(கேட்டுக்கொண்டு நின்றபோது எனக்குள் ஒரு குஷி: அடுத்த கதை கிடைத்துவிட்டது. அதை இங்கே எழுதவே கூசுகிறது.)

2

முதல் தொடக்கம்: 'எட்டாவது மாடியில் அந்தக் கறுப்பு உருவம் அலமாரியைத் திறந்தபோது...'

அடித்துவிட்டேன். உருவம் என்று எழுதினால் அது அத்தியாயம் முடிவதற்குள் யாரையாவது கொல்ல வேண்டும். வசந்தகுமார் வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கரப்பான்பூச்சியைக்கூட முறத்தில் அள்ளி வெளியே விடுவார்.

இரண்டாவது தொடக்கம்: 'ட்ர்ர்ர்ர்! வானில் அந்த விமானம் தலைகுப்புற'

இதையும் பாதியில் விட்டேன். இந்தக் கதையில் எந்த விமானமும் விழாது.

பெயர்களை மாற்றிவிட்டேன். பொருளையும் மாற்றப் பார்த்தேன். பழைய கேமரா, பேனா, கைக்கடிகாரம் என்று எழுதி எழுதிக் கிழித்தேன். எதிலும் விளக்கெண்ணெய் காய்ந்து இறுகாது. அது இறுகாவிட்டால் கதை இல்லை. ஆக, கார்புரேட்டர்தான்.

3

பொம்மை விமானத்துக்கு உள்ளங்கையில் அடங்கும் இன்ஜின் உண்டு. அதன் கழுத்தில் கட்டைவிரல் நுனி அளவில் ஒரு கார்புரேட்டர். உள்ளே ஒரு சின்ன உருளை. அதைத் திருப்பினால் காற்று வழி குறுகும், சத்தம் தணியும், விமானம் பதவிசாகத் தரையிறங்கும். அந்தக் காலத்து இன்ஜின்கள் பலவற்றுக்கு இந்தச் சமாசாரமே கிடையாது. எரிபொருள் தீரும் வரை ஒரே வேகம்தான். (என் தொடர்கதைகளைப் போல.)

வசந்தகுமாரிடம் இருப்பது அப்படியொரு பழைய கார்புரேட்டர். செய்த கம்பெனி மூடி வெகுகாலமாகிறது. இருதயராஜ் வைத்திருப்பதும் அதே வகை இன்ஜின். அவருடைய கார்புரேட்டர் தேய்ந்துபோயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இரவல் கேட்டார். வசந்தகுமார், வீடு மாற்றும்போது அது தொலைந்துவிட்டது என்றார்.

இந்த இடத்தில் என் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம். இவ்வளவு சின்னப் பொருளுக்காக ஒரு மனிதர் பொய் சொல்வாரா? ஸ்ரீவித்யாவிடமே கேட்டேன்.

"அவருக்கு முடியாதுன்னு சொல்ல வராது, சார். அதான் இல்லைன்னு சொல்லிட்டார்."

பொய் சொன்ன நாளிலிருந்து அதை, இருவரும் விமானம் பறக்கவிடும் மைதானத்துக்கு அவராலும் கொண்டுபோக முடியவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெய் போட்டு, உருளையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி அலமாரியில் வைப்பார். அவ்வளவுதான்.

4

இருதயராஜ் என்ன செய்தார் என்றால், இரவல் கேட்டதை மறந்துவிட்டார். நண்பனுடைய பொருள் தொலைந்ததுதான் அவருக்குப் பெரிதாகப் பட்டது. பெங்களூர், கல்கத்தா என்று தெரிந்தவர்களையெல்லாம் நச்சரித்து, அதே மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்தார். தனக்கு அல்ல. பாகர்வடி பலகாரம் வந்த டப்பாவில் பஞ்சு வைத்து, ஊரின் மறுகோடியில் தன் வீடு இருக்கும் ஏரவாடாவிலிருந்து ஸ்கூட்டரில் கொண்டுவந்து வசந்தகுமார் கையில் வைத்தார்.

உருளை அசையவில்லை. எரிபொருளில் கலக்கும் விளக்கெண்ணெய் பல வருடம் காய்ந்து கோந்தாகப் பிடித்திருந்தது. வெந்நீரில் போட்டார்கள். ஸ்ரீவித்யாவின் ஹேர் ட்ரையரை வாங்கிச் சூடு காட்டினார்கள். "அரே, வந்துரும் பாரு," என்று இருதயராஜ் இடுக்கியால் பிடித்து ஒரு திருப்பு திருப்பினார்.

டக்.

கார்புரேட்டரின் கூடு விரிசல் விட்டுப் பிளந்துவிட்டது. ஒட்ட முடியாத பிளவு.

நான் எழுதிய கொலைகளில் எதிலும் இவ்வளவு அமைதி இருந்ததில்லை. இருதயராஜ் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"கெடுத்துட்டேன்யா குமாரு. உனக்குன்னு தேடிக் கொண்டாந்து, என் கையாலயே கெடுத்துட்டேன். மன்னிச்சிருய்யா."

வசந்தகுமாருக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் அலமாரி. ஸ்ரீவித்யா கணவரையே பார்த்தார். கணவர் டீக் கோப்பையைப் பார்த்தார்.

"சரி விடு, இருதயம். மன்னிச்சாச்சு."

மன்னித்துவிட்டார்! (தொடர்கதையில்தான் நான் ஆச்சரியக்குறி போடுவேன். இங்கே தானாக விழுந்துவிட்டது.) ஸ்ரீவித்யாவால் தாங்க முடியாமல் போனது அந்த ஒரு சொல்லைத்தான்.

5

அன்றிலிருந்து இருதயராஜ் மைதானத்துக்கு வருவதில்லை. கை பழைய மாதிரி இல்லை, விமானங்களை யாருக்காவது கொடுத்துவிடப் போகிறேன் என்று மற்றவர்களிடம் சொல்கிறாராம். அவர் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. வசந்தகுமார் படவேண்டிய வெட்கத்தை அவர் பட்டுக்கொண்டிருக்கிறார்.

முடிவுகளுக்கு முயன்றேன்.

அ. வசந்தகுமார் ஆட்டோ பிடித்து ஏரவாடா போகிறார். நிஜத்தில் எங்கள் கட்டடத்தின் கேட் வரை போய், பால் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

ஆ. ஸ்ரீவித்யா தானே கொண்டுபோய்க் கொடுக்கிறார். அப்புறம் அந்த வீட்டில் இரண்டு பேர் எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது?

இ. வீட்டில் திருடன் நுழைந்து கார்புரேட்டரை... இது பழக்கதோஷம்.

6

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு மேலே போனேன். ஸ்ரீவித்யா கதவைத் திறந்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டார். வசந்தகுமார் நின்றபடியே படித்தார். காது மடல் சிவந்தது. என் பேனாவைக் கேட்டார். மொத்தத்தையும் குறுக்கே கோடிழுத்து அடிக்கப் போகிறார், நானும் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

மூன்றாம் பகுதியில் ஒரே ஒரு வரியைத் திருத்தினார்.

"காத்துத் திருகை வெளிய திருகினாத்தான் கலவை மெலியும், சார். தலைகீழா எழுதியிருக்கீங்க. இருதயம் படிச்சா சிரிப்பான்."

(அந்த வரி கதைக்குத் தேவையில்லை என்று பிறகு எடுத்துவிட்டேன். தேடாதீர்கள்.)

"அவர் படிக்கலாமா?" என்றேன்.

பேனாவை மூடி என்னிடம் நீட்டினார். நான் வாங்கிய பிறகும் விரல்கள் அதை உடனே விடவில்லை.

"வேற யாரு படிக்கப் போறா? எம் பையனுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது."

7

ஆகவே இதை அச்சுக்கு அனுப்புகிறேன். மற்ற வாசகர்கள் மன்னிக்க வேண்டும். இனி வரும் வரிகள் ஒருவருக்கு மட்டும்.

இருதயராஜ் என்று நான் பெயர் வைத்திருக்கும் ஐயா, அது தொலையவே இல்லை. உங்கள் கை உடைத்தது தேவையே இல்லாத ஒன்றை. ஞாயிற்றுக்கிழமைகளில் வசந்தகுமார் வீட்டில்தான் இருக்கிறார். மணி அடித்தால் மனைவியை அனுப்பாமல் தானே வந்து திறப்பதாகச் சொல்லியிருக்கிறார். திறந்ததும் என்ன சொல்வார் என்று கேட்டேன். அது அவருக்கே தெரியவில்லை. எனக்கும் தெரியாது, தெரிந்தாலும் எழுத மாட்டேன்.

நீங்கள் மணியை அடித்தால், கதை அங்கே தொடங்கும். அடிக்காமல் இருக்கவும் உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.