நண்டு பார்க்கிறவர்கள்

ஜெகபர் அலியின் சைக்கிள் கடைக்குப் பஞ்சர் ஒட்டப் போனவர்கள் போகிறபோது ஒரு புதுப் பேரையும் வாயில் போட்டுக்கொண்டுதான் போனார்கள். மனுஷனுக்கு அப்படி ஒரு நாக்கு. ஆளுக்குப் பட்டப்பேர் வைக்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் உண்டு. இவர் வைத்ததெல்லாம் ஆள் பண்ணுகிற கூத்துக்கு. பினாங்கிலிருந்து வந்தவர், மணி என்னவென்று யாரும் கேட்காமலே மணிக்கட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தால் அது 'பினாங்கு கை'. வரப்புத் தகராறில் மூன்று வருஷம் முகம் பார்க்காத பங்காளிகள் கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "அவருக்கு ரசம் ஊத்துப்பா" என்று உருகினால் அது 'பந்தி மறதி'.

இதிலெல்லாம் பேர் போனது 'நண்டு பார்ப்பது'தான். கூலித் தகராறு முற்றியிருந்த ஒரு நடவின்போது வயலில் ஒரு ஆளை அடித்துவிட்டார்கள். போலீஸ் வந்து, "எவன்டா பாத்தது?" என்று கேட்டது. பன்னிரண்டு பேர் நின்றார்கள். பன்னிரண்டு தலையும் சேற்றைப் பார்த்தன. சைக்கிளை உருட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போன அலி, போலீஸ் போனதும் வரப்பிலிருந்து குரல் கொடுத்தார்: "என்னப்பா, எல்லாரும் நண்டு பாக்குறீங்களா?"

அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மாமியாருக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் மாட்டிய புருஷன் நண்டு பார்த்தான். பஞ்சாயத்தில் நியாயம் தெரிந்தவன் நண்டு பார்த்தான். ஆறு மாசம் கழித்து அலி டியூப் வாங்க மாயவரம் போனார். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருத்தி இன்னொருத்தியிடம், "எங்கண்ணன் வாயைத் தொறக்கலடி, நண்டு பாத்துக்கிட்டு நின்னுச்சு" என்று சொன்னது காதில் விழுந்தது. அலிக்கு உடம்பு சிலிர்த்துப்போயிற்று. தன் வாயிலிருந்து விழுந்த ஒரு சொல், டிக்கெட் வாங்காமல் தனக்கு முன்னே பஸ் ஏறி வந்திருக்கிறது! அல்லாவே, இதென்ன அதிசயம் என்று ஊர் வந்து சேரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

நண்டுப் பேச்சு கிளம்பி இரண்டு வருஷம் கழித்து, எழுபதாம் வருஷம். ஆட்சி மாறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. குத்தகைக்கு உழுகிறவன் பேரைச் சர்க்கார் பதிவேட்டில் எழுதவேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. பேர் ஏறிவிட்டால் நிலத்தைவிட்டு ஆளைக் கிளப்ப முடியாது. சட்டம் சுலபமாக வந்துவிட்டது; பேர் ஏறுவதுதான் குதிரைக்கொம்பு. டெல்டாவில் குத்தகை என்பது அநேகமாக வாய்ப்பேச்சு. சீட்டு கிடையாது, ரசீது கிடையாது. உழுததைக் கண்ணால் பார்த்தவன் வந்து சொன்னால்தான் உண்டு.

பக்கிரி அப்படி மூன்று ஏக்கரை இருபது வருஷமாக உழுகிறவன். நிலம் பஞ்சாபகேசனுடையது. மாயவரத்தில் வாத்தியார் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை 'சார்' என்றுதான் கூப்பிடும். நிலத்தை மில்காரர் ஒருவருக்கு விற்கப் பேசி முடித்திருந்தார். பக்கிரி குத்தகைக்காரன் இல்லை, கூலியாள்தான் என்று மனுவும் கொடுத்துவிட்டார். பேர் ஏறாவிட்டால் வருகிற குறுவைக்குப் பக்கிரிக்கு வயல் இல்லை.

பக்கிரியின் பெண்டாட்டி ராஜாத்தி கடைக்கு வந்தாள். "பாய், வெள்ளிக்கிழமை விசாரணை. வருஷா வருஷம் குத்தகை நெல்லு வண்டி ஒங்க கடை வாசல்லதான் போவுது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்."

"அதுக்கென்ன புள்ள, வர்றேன்" என்றார் அலி.

சொல்லிவிட்டாரே தவிர, அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. கடை நிற்கிற இடமே பஞ்சாபகேசன் குடும்பத்து மனை. அலியின் வாப்பா செத்தபோது, "இங்கேயே கடை போட்டுக்கோப்பா" என்று கொடுத்தவர் சாரின் தகப்பனார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்கிறார்கள். அந்த உப்பு இப்போது தொண்டையில் கரித்தது. மனைவி சஃபியா நேராகவே கேட்டாள்: "போய் சொல்லப்போறீங்களா? நாளைக்கு எடத்தைக் காலி பண்ணுன்னா எங்கங்க போறது?"

அலி தட்டைத் தள்ளிவிட்டுக் கை கழுவப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்கூட மரத்தடியில் மேஜை போட்டு அதிகாரி உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் பஞ்சாபகேசன், வெள்ளை வேட்டி, மடித்த அங்கவஸ்திரம். எதிரே தரையில் ஊர் உட்கார்ந்திருந்தது. பக்கிரி துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு தனியாக நின்றான்.

"இவர் குத்தகைக்குச் சாகுபடி பண்ணினதைப் பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா?" என்றார் அதிகாரி.

சார் யாரையும் முறைக்கவில்லை. கையைக்கூட அசைக்கவில்லை. ஆனாலும் யாரோ கயிற்றைப் பிடித்து இழுத்த மாதிரி அத்தனை தலையும் கீழே போயின. அவர்களோடு அலியின் தலையும் போனது. வேண்டுமென்று செய்யவில்லை, அது தானாகப் போனது. செருப்பு வாரில் ஒரு சிவப்பு எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் அதைவிட முக்கியமான காரியம் வேறு இல்லை என்பதுபோல அதையே பார்த்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். கழுத்தில் யாரோ நெல்மூட்டையை வைத்த கனம் அது. இதைப் பார்த்தா இரண்டு வருஷம் ஊரைச் சிரிக்கவைத்தோம் என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"யாரும் இல்லையா?" அதிகாரி பேனாவைத் திறந்தார்.

ராஜாத்தி அழவில்லை, கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். "நண்டு கெடைச்சுதா பாய்?"

பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு வாய்க்கால் தண்ணீர் மாதிரி கூட்டத்துக்குள் ஓடியது. எல்லாரும் அலியைப் பார்த்தார்கள். பார்க்கவேண்டுமென்றால் தலையைத் தூக்கித்தானே ஆகவேண்டும்! அலி நிமிர்ந்தபோது கூட்டத்தில் ஒரு தலைகூடக் கீழே இல்லை.

அவருக்குக் காது சுட்டது. எழுந்தார். "ஐயா, நான் ஜெகபர் அலி. சைக்கிள் கடை. கடை இருக்கிறது சாரோட மனைதான், அதையும் எழுதிக்குங்க. இருவது வருஷமா இவன் அறுத்த நெல்லுல சாருக்குக் குத்தகை போனதை நான் என் கண்ணால பாத்திருக்கேன். கூலி ஆளு எவனும் குத்தகை அளக்க மாட்டான்."

அவர் உட்காருவதற்குள் பின்னாலிருந்து செல்லதுரை எழுந்தான். பக்கிரியின் பரம எதிரி அவன். பக்கத்து வயல்காரன். முண்டாசை அவிழ்த்து நெற்றித் தழும்பைக் காட்டினான்.

"இது அவன் மம்பட்டியில வாங்குன அடிங்க. தண்ணி மொறைத் தகராறுல. சொந்தமாப் பயிர் வைக்காதவன் வாய்க்காத் தண்ணிக்கு மண்டையை ஒடைப்பானா, நீங்களே சொல்லுங்க! எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. ஆனா பயிர் அவன் பயிர்தான்."

அதிகாரியே சிரித்துவிட்டார். அப்புறம் நிற்கவில்லை. நாற்று விட்டவள் எழுந்தாள், களத்தில் தூற்றியவன் எழுந்தான். எந்த வருஷம் வெள்ளத்தில் போனது, எந்த வருஷம் ஏ.டி.டி. இருபத்தேழு நெல் போட்டான், எல்லாம் வந்து விழுந்தது. அலி வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் இதெல்லாம் இத்தனை பேர் நெஞ்சுக்குள்ளும் இருந்திருக்கிறது. அடேயப்பா, ஒரு ஊருக்குள் இவ்வளவு உண்மை எங்கே ஒளிந்து கிடந்தது!

அதிகாரி பஞ்சாபகேசன் பக்கம் திரும்பினார். "சார், நீங்க என்ன சொல்றீங்க?"

சார் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தபடி இருந்தார். அலிக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது. இது ஏழைபாழைக்கு வருகிற நோய் என்றல்லவா இவ்வளவு நாளும் நினைத்திருந்தார்! சார் தலையை நிமிர்த்திச் சொன்னார்: "இவா சொன்னதுல பொய் ஒண்ணும் இல்லை."

பேனா ஓடியது. ராஜாத்தி மேஜைக்கருகே போனாள். "என்ன எழுதியிருக்கீங்கன்னு சத்தமாப் படிங்கய்யா."

அதிகாரி படித்தார். "சாகுபடிதாரர் பக்கிரி. தகப்பனார் பெயர் மாரிமுத்து. நஞ்சை மூன்று ஏக்கர்."

"இன்னொரு தரம்" என்றாள் ராஜாத்தி. அவள் குரல் அப்போதுதான் உடைந்தது.

எத்தனையோ கூத்துக்குப் பேர் வைத்த அலிக்கு, தகப்பன் வைத்த ஒரு பேரைக் கேட்டு இப்படி மயிர்க்கூச்செறியும் என்று தெரியாது.

"பக்கிரி" என்று மறுபடியும் படித்தார் அதிகாரி.

பக்கிரி பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் உட்கார்ந்தவன் இல்லை. அக்குளில் இருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். வாத்தியார் பேர் கூப்பிடும்போது பிள்ளைகள் சொல்கிற மாதிரியே விறைப்பாக நின்று சத்தமாகச் சொன்னான்.

"உள்ளேன் ஐயா."

யாரும் சிரிக்கவில்லை.