வாய் தொடுதல்

புருல் உருளைக்கிழங்கை வெறுத்தாள். தோலைச் சீவி, பொடியாக நறுக்கி, அண்டா நிறையத் தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் கொட்டி, மறுபடியும் வேகவைத்து எடுத்தால் தட்டில் விழுவது கிழங்கே இல்லை. மழையில் நனைந்த காகிதக்கூழ். உப்புக் கிடையாது. வெங்காயத்தையும் பூண்டையும் துளி எண்ணெயில் வதக்கி, மேலே கொஞ்சம் வினிகர் விட்டு நாக்கை ஏமாற்றப் பார்ப்பாள். நாக்கு என்ன முட்டாளா? முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடும்.

கோடையில் அவள் புருஷன் தோலோகோனுக்குக் கால் பொதபொதவென்று வீங்கியது. நரின் நகரத்து டாக்டர் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, சிறுநீரகம் பாதிக்குமேல் போய்விட்டது என்றார். உப்புக் கூடாது, எலும்புச் சாறு கூடாது, காய்ந்த பழம் கூடாது, கிழங்கு என்றால் ஊறிய தண்ணீரையும் வெந்த தண்ணீரையும் கொட்டிவிட வேண்டும், கறி தீப்பெட்டி அளவு. தேநீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். இதையெல்லாம் கேட்டு அவன் முகம் தொங்கிப்போனதைப் பார்த்துப் புருல் அன்றே சொல்லிவிட்டாள்.

"நீங்க சப்புன்னு திங்கிறப்போ நான் மட்டும் கொழுப்ப வழிச்சுத் திங்கவா? ஒரே சட்டி. உங்களுக்கு என்னவோ அதுதான் எனக்கும்."

சொன்னது சொன்னதுதான். அன்றிலிருந்து அவளும் உப்பைத் தொடவில்லை. பிள்ளைகள் இருவரும் தலைநகர் பிஷ்கெக்கில் வேலையில் இருந்தார்கள்; சமையலைப் பார்த்து முகம் சுளிக்க வீட்டில் வேறு ஆளில்லை. சுளிக்க வேண்டிய முகத்தை அவளே சுளித்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரம் வந்தாலே எரிச்சல் வந்தது. எதிரே உட்கார்ந்து மெல்லும் மனுஷனின் வாயிலிருந்து மூத்திர வாடை வேறு. நோய் முற்றினால் அப்படித்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காரணம் தெரிந்தால் மட்டும் மூக்கு சும்மா இருக்குமா? அருவருத்தது. அருவருப்பதற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது. கோபத்தில் இன்னும் இரண்டு கிழங்கை எடுத்துச் சீவினாள்.

பனி விழுந்தது. அவர்கள் ஊரான அத்பாஷியில் பனி விழுந்தால் வீட்டுக்கு வீடு குளிர்காலத்துக் குதிரையை அறுப்பார்கள். அறுத்த வீடு அக்கம்பக்கத்தைக் கூப்பிடாமல் இருக்காது. எந்த வீட்டுக்காரன் கூப்பிட்டாலும் முதல் அழைப்பு தோலோகோனுக்குத்தான். சாப்பாடு முடிந்ததும் இரண்டு கையையும் ஏந்தி அவன் சொல்லும் வாழ்த்துக்கு அந்த ஊரில் அவ்வளவு மதிப்பு. அவன் குரலெடுத்தால் அழுகிற குழந்தையும் வாய் மூடும். புருல் போகமாட்டாள். கறி வேகும் வாசனை பட்டாலே அவளுக்கு எச்சில் ஊறியது. ஊறிய எச்சிலைத் துப்பிவிட்டுக் கிழங்குக்குத் திரும்புவதற்கு வீட்டிலேயே இருக்கலாம்.

அந்த மாத ரத்தப் பரிசோதனையின் முடிவை நரினில் கேட்டார்கள். கிழங்குத் தண்ணீரோடு போயிருக்க வேண்டிய பொட்டாசியம் தலைக்குமேல் ஏறியிருந்தது. மற்றதெல்லாமும் ஏறியிருந்தது.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டர் அவனைக் கேட்டார்.

தோலோகோன் பள்ளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தான். வேகவைத்த கிழங்கு, நூடுல்ஸ், தீப்பெட்டிக் கறி, ஒரு கிண்ணம் தேநீர். அதற்கு முந்தின நாளும் அதேதான்.

டாக்டர் புருல் பக்கம் திரும்பினார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அந்தக் கிழங்குத் தண்ணியக் கொட்டிடுறீங்கதானே? சூப்புல கீப்புல சேர்க்கிறதில்லையே?"

"கொட்டிடுறேன்."

"உப்பு? ருசிக்காக ஒரு சிட்டிகை?"

"நானும் அதத்தாங்க திங்கிறேன்" என்றாள் புருல்.

டாக்டர் நம்பினாரா இல்லையா தெரியவில்லை. அடுத்த முறையும் இப்படியே இருந்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் போடுவதைத் தவிர வழியில்லை என்றார். வாரத்துக்கு மூன்று நாள். மெஷின் இருப்பது நரினில். இவர்கள் வீடு கணவாய்க்கு அந்தப் பக்கம். பனிக்காலத்தில் கணவாய் எப்போது திறக்கும் எப்போது மூடும் என்று யாருக்கும் தெரியாது. குதிரைகளை விற்று, வீட்டைப் பூட்டி, நரினில் எவன் வீட்டுப் பின்கட்டிலோ வாடகைக்கு ஒண்ட வேண்டும். வரும் வழி முழுக்கப் புருல் தன் சமையலையே திரும்பத் திரும்பக் கிளறினாள். எதை விட்டேன், எங்கே விட்டேன் என்று மண்டை காய்ந்தது.

அத்பாஷியில் வண்டியை விட்டு இறங்கி நடந்தபோது, குதிரை அறுத்திருந்த கச்கின் வீட்டு வாசலிலிருந்து அவன் பெண்டாட்டி கூப்பிட்டாள்.

"அண்ணே! அடுப்புல இருந்து இப்பத்தான் எறக்கினேன். வாசலத் தாண்டிப் போறீங்களே, வாய் தொட்டுட்டுப் போங்க!"

"வந்துட்டேம்மா" என்று தோலோகோன் உள்ளே போனான். சீக்கிரமே மீசையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். மீசையில் கொழுப்பு மினுங்கியது. புருல் அதையே பார்த்தாள்.

"என்ன தின்னீங்க?"

"எதுவும் திங்கல. சும்மா வாய் தொட்டேன்."

"எதத் தொட்டீங்க?"

"குடல்ல அடைச்ச குதிரைத் தொத்திறைச்சி ஒரு துண்டு. சாறு ரெண்டு மடக்கு. ரெண்டு உப்புத் தயிருண்ட. வச்ச காஞ்ச பழத்துல ஒண்ணு எடுத்தேன். அவ்வளவுதான். தட்டுப் போட்டுத் திங்கலையே."

விருந்து வீடுகளில் அவன் வாழ்த்தை மட்டும் சொல்லிவிட்டு வருகிறான் என்று நம்பியிருந்த புருல் நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"எல்லா வீட்லயும் இப்படியா?"

"பின்ன? வாழ்த்துச் சொல்லப் போற வீட்ல வாய் தொடாம வர முடியுமா? அவங்க சோத்த நான் இழிவு பண்ணின மாதிரி ஆகாதா?"

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"அவரு என்ன சாப்பிட்டேன்னுதானே கேட்டாரு?" தோலோகோனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "சாப்பிட்டது உன் சமையல் மட்டுந்தான், புருல். உனக்குத் தெரியாதா?"

பொய் சொல்லியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு குமட்டியிருக்காது. அந்த முகத்தில் பொய்யே இல்லை. பனி விழுந்த நாளிலிருந்து ஊரில் அறுத்த குதிரைகளையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டு, பச்சைப்பிள்ளை மாதிரி நிற்கிறான். இவள் காகிதக்கூழைத் தின்றுகொண்டு, டாக்டர் முன்னால் திருடி மாதிரி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்குப் போகும்வரை அவனுக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள்.

மறுநாள் அவன் அக்கா ஜிபார் வீட்டில் விருந்து. "நானும் வரேன்" என்றாள் புருல். தோலோகோனுக்குச் சந்தோஷம்; கோபம் தணிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டான்.

ஜிபார் வாசலிலேயே தொடங்கிவிட்டாள். "வாம்மா, கிழங்கு மகாராணி! என் தம்பியப் பாரு, கன்னம் ஒட்டிப்போச்சு. நோயில சாவானோ இல்லையோ, நீ பட்டினி போட்டே கொன்னுருவ."

"அப்படியா மதினி" என்று சொல்லிவிட்டுப் புருல் உள்ளே போனாள். பெண்கள் இருந்த பக்கம் போகவில்லை. ஆண்கள் வரிசையில் புருஷன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இரண்டு கிழவர்கள் தொண்டையைச் செருமினார்கள். அவள் நகரவில்லை.

தட்டுகள் வந்தன. கறி ஆவி முகத்தில் அடித்தது. உப்பில்லாமல் பழகிய மூக்குக்கு அந்த வாசனை முன்போல எச்சில் ஊறவைக்கவில்லை. ஈரக் கம்பளியை நெருப்பில் போட்டதுபோல நெஞ்சைப் பிடித்தது. ஜிபார் கிண்ணத்தில் சாறு ஊற்றித் தம்பியிடம் நீட்டினாள். மேலே விரல்கடை கொழுப்பு மிதந்தது.

"எனக்குத் தெரியும்டா, ஒனக்கு ஆகாதுன்னு. குடிக்க வேண்டாம். சும்மா வாய் தொடு."

புருல் கையை நீட்டிக் கிண்ணத்தை வாங்கினாள். "இவருக்குப் பதிலா நான் தொடுறேன்."

குடித்தாள். உப்பு நாக்கில் நெருப்பாய் எரிந்தது. கொழுப்பு தொண்டையில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுத்தது. கிண்ணத்தைக் காலியாக்கி வைத்தாள்.

"என்னடி இது கூத்து?" என்றாள் ஜிபார்.

"கூத்தெல்லாம் இல்ல மதினி. குடுங்க. இவருக்கு இன்னும் என்னென்ன குடுப்பீங்க?"

ஜிபாரும் விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. தொத்திறைச்சியை வெட்டி நீட்டினாள். புருல் தின்றாள். கொழுப்பு வால்துண்டு வந்தது. அதையும் தின்றாள். உப்புத் தயிருண்டை, காய்ந்த பழம், எண்ணெயில் பொரித்த ரொட்டி. தோலோகோன் பக்கமாகக் கை வரும்போதெல்லாம் இவள் கை முந்தியது. அவன் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான்.

"போதும் புருல். ஊரே பாக்குது."

"பாக்கட்டுமே. நான் என்ன சாப்பிடவா செய்றேன்?"

யாரோ ஒருவன் சிரித்தான். உடனே நிறுத்திக்கொண்டான். அவள் முகம் பச்சை பூத்திருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே ஓடினாள். தோலோகோன் பின்னாலேயே ஓடினான்.

தொழுவத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு பனியில் வாந்தி எடுத்தாள். நிற்காமல் வந்தது. வெள்ளைப் பனியில் மஞ்சளும் பழுப்புமாய்க் குவிந்து ஆவி பறந்தது. தோலோகோன் அவள் நெற்றியைத் தாங்கிப் பிடித்தான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"நெத்தியப் பிடிக்க வேண்டாம். நல்லாப் பாருங்க. இது ஒரு வீட்டுல வாய் தொட்டது. ஒரே ஒரு வீடு. எனக்கு ரெண்டு சிறுநீரகமும் நல்லா இருக்கு, எனக்கே தாங்கல."

ஜிபார் வீட்டு நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தது. அவன் விரட்டுவதற்குள் அதில் மூஞ்சியைப் புதைத்து நக்கத் தொடங்கியது.

"அதையும் கேளுங்க" என்றாள் புருல் வாயைத் துடைத்தபடி. "சாப்பிடுதா, சும்மா வாய் தொடுதான்னு கேட்டுச் சொல்லுங்க."

தோலோகோன் நாயைப் பார்த்தான். குவியலைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் முகம் கோணியது. அடிவயிற்றிலிருந்து அவனுக்கும் ஒரு ஓங்கரிப்பு வந்து நின்றது.

கதவைத் திறந்துகொண்டு ஜிபார் தலையை நீட்டினாள். "டேய் தம்பி! எல்லாரும் கையேந்திக்கிட்டுக் கெடக்காங்க. வந்து வாழ்த்தச் சொல்லு."

அவன் அசையவில்லை. பனியில் நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் ஏந்தினான். அந்த வீட்டுக்கும் அதன் கால்நடைக்கும் பிள்ளைகளுக்கும் திறந்த கதவு வழியாக வாழ்த்துச் சொன்னான். வழக்கமாகச் சொல்வதில் பாதிகூட இல்லை. உள்ளேயிருந்து ஆமீன் என்ற முனகல் கேட்டது. முகத்தைக் கையால் வழித்துவிட்டு, குனிந்து, கழன்று கிடந்த புருலின் செருப்பை எடுத்து அவள் காலருகே வைத்தான்.

"வெளிய நின்னு வாழ்த்துச் சொல்றவன எங்கேயாவது பாத்திருக்கியாடா?" ஜிபாருக்குக் குரல் உடைந்தது. "என் வீட்ல ஒண்ணுமே தொடாம போவியா? ஒரு துண்டு ரொட்டியாவது வாய்ல வச்சிட்டுப் போடா."

"வேண்டாங்க்கா" என்றான் தோலோகோன். "இந்தக் குளிருக்கு நான் நெறைய சாப்பிட்டுட்டேன்."