சேறு படாத சங்கிலி

ஒரு நுனியைச் சன்னல் கம்பியிலும் மறுநுனியைச் சமையலறைக் கதவிலும் கட்டி, அவள் அந்த வலையைப் பின்னி முடித்திருந்தாள். அதுவரை வீட்டில் எல்லோரும் குனிந்தே நடந்தார்கள். பழைய இழுவலையைத் தூக்க மூன்று ஆள் வேண்டும். புதியதை அவள் ஒருத்தியே துவைத்த போர்வை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு விடிகாலையில் படகுத்துறைக்கு வந்தாள்.

"என்ன அண்ணி, கொசுவலையா?" என்றான் படகில் வேலை செய்பவன். எந்நேரமும் வாயைப் பிளப்பதால் அவனுக்குக் கொட்டாவி என்றே பேர்.

"ஆமா. நீ வாயத் திறந்தா உள்ள போற கொசுவ வேற எதுல பிடிக்கிறதாம்?"

இன்ஜின் அறையிலிருந்து தலையை நீட்டிச் சிரித்தான் கொழுந்தன். வலை பின்னிய அந்த மெல்லிய புது நூலை அறுத்துக் காட்டுகிறேன் பேர்வழி என்று கையில் சுற்றி இழுத்து, நூலுக்குப் பதில் விரலை அறுத்துக்கொண்டவன் அவன். கட்டு இன்னும் பிரிக்கவில்லை.

அவள் கணவன் மட்டும் சிரிக்கவில்லை. வலையில் விழும் இறாலில் பாதிக்கு மேல் டீசலுக்கே போய்விடுகிறது என்று அவன் சலித்துப்போயிருந்தான். படகை விற்றுவிட்டு வேறொருவர் படகில் கூலிக்குப் போவதென்று முடிவு. வாங்க வந்தவர் அடிக்கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். இன்று மாலை கடைசிப் பேச்சு. அதற்குள் ஒரு நாள், ஒரே நாள், தன் வலையைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தாள் அவள்.

"கனம் குறைஞ்சா இழுவை குறையும், இழுவை குறைஞ்சா டீசல் குறையும்." இதைச் சொல்லிச் சொல்லி அவளுக்கே வாய் வலித்தது.

"சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கு. இறாலுக்கும் சொல்லிட்டியா?" என்று கேட்டுவிட்டு அவன் படகைக் கிளப்பினான்.

கரை மெல்லிய கோடாகி, பிறகு அதுவும் கரைந்தது. வலையை இறக்கினார்கள். இன்ஜின் முனக ஆரம்பித்தது. கணவன் கண்ணை மூடிக்கொண்டு அந்த முனகலைக் கேட்டான். வேகம் காட்டும் சின்னத் திரை ஒன்று சுக்கானுக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் அவன் சட்டையைத்தான் மாட்டியிருந்தான். இத்தனை வருடமும் காதுதான் அவனுக்கு வேகம் சொன்னது. முனகல் குறையும்போதெல்லாம் விசையைக் கூட்டினான், வழக்கமான முனகல் வரும்வரை.

வலை மேலே வந்தது. உள்ளே நாலு மீன், ஒரு காலி பாட்டில். இறால் ஒன்றுகூட இல்லை.

கொட்டாவிகூட வாயை மூடியிருந்தான். கணவன் திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலை. அவனோ, "பரவால்ல விடு," என்று மெதுவாகச் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவள் ஈர வலையின் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கண்ணியாகத் தடவினாள். ஒன்றும் பிரியவில்லை. ஓரத்தில் தொங்கிய சங்கிலிக்குக் கை வந்தது. கடலடித் தரையை உரசிப் போய், சேற்றில் புதைந்திருக்கும் இறாலை எழுப்புவது அந்தச் சங்கிலியின் வேலை. அது குளித்துத் துவட்டியதுபோல் பளபளவென்று இருந்தது.

"என்னங்க, இங்க வாங்க. பழைய வலை வரும்போது இதுல என்ன இருக்கும்?"

"சேறுதான். கழுவிக் கழுவியே இவன் கொட்டாவி விடுறான்."

"இப்ப எங்க சேறு?"

அவன் குனிந்து சங்கிலியைத் திருப்பிப் பார்த்தான்.

"தரையத் தொடவே இல்ல!" என்றான். "மிதந்துக்கிட்டே வந்திருக்கு. இறால் எல்லாம் கீழ படுத்துக்கிட்டு நம்மள வேடிக்கை பார்த்திருக்கு."

"அப்ப சங்கிலிய இன்னும் கனமா மாட்டிடலாமா அண்ணே?" என்றான் கொழுந்தன்.

"கனத்தக் குறைக்கத்தானேடா நான் உக்காந்து பின்னுனேன்!"

கணவன் போய்த் திரைமேல் கிடந்த சட்டையை எடுத்தான். படகு மறுபடி வலையை இழுக்கத் தொடங்கியதும் திரையில் வேகத்தின் எண்ணைப் பார்த்தான். முகம் மாறியது. "அடப்பாவி, இவ்வளவு வேகமா! இந்த வலைக்கு நான் பழைய முனகலக் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். ஓடுற ஓட்டத்துல வலை மேல தூக்கிருச்சு."

விசையைக் குறைத்தான். இன்னும் குறைத்தான். இன்ஜின் முனகலை விட்டுவிட்டு, வயிறு நிறைந்த பூனைபோல உறுமியது. அவன் கை மட்டும் கூட்டச் சொல்லித் துடித்தது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இழுக்குற மாதிரியே இல்லடி!" என்று கத்தினான்.

"எதுக்குக் கத்துறீங்க? பக்கத்துலதான் இருக்கேன்."

அப்போதுதான் நால்வருக்கும் உறைத்தது. அந்தப் படகில் கத்தாமலே பேச முடிந்தது. அலை பக்கவாட்டில் தட்டுவது கேட்டது. தலைக்கு மேலே ஒரு பறவை கூப்பிடுவது கேட்டது. உள்ளே கொழுந்தன் ராகம் தப்பிப் பாடுவதும் கேட்டது. இத்தனை வருடம் இன்ஜின் சத்தம் தங்களைக் காப்பாற்றியிருக்கிறது என்றான் கொட்டாவி.

வலை ஏறியபோது சங்கிலி முழுக்கச் சேறு. கொட்டாவி அதைக் கட்டிப்பிடிக்காத குறைதான். கொழுந்தன் வலையின் அடிமுடிச்சை அவிழ்த்தான். இறால் பொலபொலவென்று கொட்டி, பலகையெங்கும் துள்ளி, அவள் பாதத்தை மூடியது. அவள் காலைத் தூக்கவே இல்லை.

"இது பழைய வலைக்கு விழுற அளவுதானே?" என்றாள்.

"அதேதான். ஆனா டீசல்?" என்றான் கணவன்.

துறைக்குத் திரும்பியதும் அவன் டாங்கிக்குள் அளவுக்குச்சியை விட்டு எடுத்தான். துடைத்தான். நம்பாமல் மறுபடி விட்டான். ஈரம் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு ஒரு சாண் மேலே நின்றது. குச்சியைத் தம்பியிடம் கொடுத்தான். அவனும் விட்டுப் பார்த்து, அண்ணியைப் பார்த்து, ஒரு விசில் அடித்தான்.

படகு வாங்க வந்தவர் மேட்டிலிருந்து கையசைத்தபடி இறங்கி வந்தார்.

"என்ன, பேசி முடிச்சிடலாமா?"

"முடிச்சிடலாம் அண்ணே," என்றான் கணவன். "படகு விக்கிறதா இல்ல. வீணா நடந்தீங்க, மன்னிச்சுக்குங்க. ஒரு கூடை இறால் எடுத்துட்டுப் போங்க."

அவர் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேலை இருப்பவள்போல வலையை மடித்தாள். மடித்த இடத்தையே திரும்பத் திரும்ப மடித்தாள். சிரிப்பை அடக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.