தையலுக்கு அரை இஞ்ச் விட்ட கதவு

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கதவிலிருந்து வந்தது. நண்பர் ஒருவர் வீட்டில் பார்த்தேன். புதுக் கதவு, நிலையில் மாட்டாமல் சுவரோடு சாய்த்து வைத்திருந்தது. "ஏன் மாட்டலை?" என்று கேட்டேன். "ஒரு இஞ்ச் கூடிப்போச்சு" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுத வேண்டி வந்திருக்காது.

ஆரம்பம் இப்படி இருக்கட்டும்: "ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், அந்த வீட்டில் சுத்தியல் சத்தம்..." (வேண்டாம்.) "அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் மிகவும் நேசித்..." (ஐயோ. சுத்தியலே தேவலை.)

2

அவள் தையல்காரி. அவன் பஸ் டிரைவர். அவள் கடையிலிருந்து மதியம் வீடு திரும்பும்போது அவன் வண்டியை எடுத்திருப்பான். அவன் திரும்பும்போது அவள் தூங்கிப் போயிருப்பாள். சேர்ந்து இருப்பது ஞாயிறு மட்டும். அந்த ஞாயிறுகளில்தான், ஆள் வைக்காமல், பழைய வீட்டைத் தாங்களே புதுப்பித்தார்கள். சமையலறைக்கு அலமாரி அடித்தார்கள், குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டினார்கள், கூடத்துக்கு இரண்டு கை பெயின்ட் அடித்தார்கள். மூன்று வருஷம் ஓடியது.

பேச்சென்று பெரிதாக எதுவும் கிடையாது. "பிடி." "விட்டுடாத." "உன் பக்கம் கொஞ்சம் தூக்கு, டெய்லரம்மா." "மூக்குல பெயின்ட் ஆயிருக்குங்க." அவ்வளவுதான். ஆனால் வாரம் முழுக்க மிஷின் முன்னால் உட்கார்ந்து, அவள் அந்த ஒரு "பிடி"க்காகத்தான் காத்திருந்தாள்.*

* இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்துவிட்டு மூன்று முறையும் திரும்ப எழுதினேன். அவளுக்கு ஏக்கம். அதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

3

கடைசியில் மிஞ்சியது பின்னறைக் கதவு. பழையதைக் கரையான் தின்று தீர்த்திருந்தது.

"இதோட வீட்டு வேலை முடிஞ்சுது" என்றான் அவன், சோம்பல் முறித்துக்கொண்டே. "இனிமே ஞாயித்துக்கிழமை நிம்மதியா தூங்கலாம்."

அவளுக்குப் பகீரென்றது. (முதலில் "வருத்தமாக இருந்தது" என்று எழுதினேன். இல்லை, பகீரென்றுதான் இருந்தது.) வேலை இல்லாவிட்டாலும் என்னோடு கொஞ்சம் உட்காருங்களேன் என்று சொல்ல நினைத்தாள். டேப்பை எடுத்துக்கொண்டு போய் நிலையை அளந்தாள்.

அவள் எழுதிக் கொடுத்த அளவுக்கே மரக்கடையில் பலகையை அறுத்துக் கொடுத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் தூக்கி நிலையில் வைத்துப் பார்த்தார்கள். நுழையவில்லை.

"எப்படி அளந்த?"

"சரியாத்தான் அளந்தேன். தையலுக்கு விடுற மாதிரி ரெண்டு பக்கமும் அரை இஞ்ச் விட்டேன்."

அவன் கதவைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கதவுக்கு யாராவது தையலுக்கு விடுவாங்களா?"

"விடாம வெட்டிட்டா, பின்னாடி பத்தாமப் போறப்போ எதைப் பிரிச்சு விடுறது?"

"சரி சரி. இழைப்புளி வாங்கி ஓரத்தைச் சீவிடலாம். அரை நாள் வேலை."

"அரை நாள்தானா?" என்றாள்.

4

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். அவள் செய்தது கைப்பழக்கமா, வேண்டுமென்றே செய்ததா? பதினெட்டு வருஷம் துணி வெட்டிய கை தன்னால் அரை இஞ்ச் விடும். நம்பலாம். ஆனால் சமையலறை அலமாரிக்கும் அவள்தானே அளந்தாள்? அது ஒரு நூல்கூடப் பிசகவில்லையே?

முடிவுகளையும் போட்டுப் பார்த்தேன். அவன் சீவுகிறான், கதவு பொருந்துகிறது, ஞாயிறுதோறும் குறட்டை விடுகிறான். (மனசு வரவில்லை.) அல்லது, வாங்கிய இழைப்புளியை அவளுக்குத் தெரியாமல் பஸ்ஸிலேயே ஒளித்து வைக்கிறான், அவனுக்கும் உள்ளுக்குள் அதே ஏக்கம். (சர்க்கரை தூக்கல். தவிர, அவன் அப்படிப்பட்டவன் இல்லை. எனக்குத் தெரியும்.)

5

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஆரம்பத்தில் சொன்னது பொய். நண்பர் என்று யாரும் இல்லை. கதவு என் வீட்டில் நிற்கிறது. நான் பஸ் ஓட்டியதும் இல்லை. அச்சகத்தில் பிழை திருத்துகிறேன், மதிய ஷிஃப்ட். "நிம்மதியா தூங்கலாம்" என்றவன் நான்தான்.

தூங்கவும் செய்தேன். அரை நாள் வேலையை அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போட்டேன். எப்போது கண் விழித்தாலும் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து டேப்பைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருப்பாள். ஒரு வருஷம் பார்த்தாள். பிறகு அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. "கதவை மாட்டுறப்போ சொல்லுங்க, அந்தப் பக்கம் பிடிக்க வரேன்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு ஆகிறது நாலு வருஷம். ஊரார் எழுத்தில் விட்டுப்போன புள்ளியைக் கண்டுபிடிக்கிறவனுக்கு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளைத் தெரியவில்லை.

பஸ் டிரைவர் என்று எழுதியது, அவனாவது என்னைவிடக் கொஞ்சம் நல்லவனாக இருப்பான் என்ற நப்பாசையில்.

6

இன்று காலை இழைப்புளி வாங்கினேன். அவளுக்கு ஃபோன் செய்தேன்.

"கதவை மாட்டலாம்னு இருக்கேன். அந்தப் பக்கம் பிடிக்க வரியா?"

பின்னால் கேட்டுக்கொண்டிருந்த மிஷின் சத்தம் நின்றது.

"வரேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அதுக்கப்புறம்?"

கதை எழுதுகிறவனிடம் எல்லோரும் கேட்கிற கேள்விதான். "அதுக்கப்புறம் நாம..." என்று ஆரம்பித்தேன். (வேண்டாம்.) "அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமைல..." (இதுவும் வேண்டாம்.)

அவள் இன்னும் ஃபோனை வைக்கவில்லை. மூச்சு விடுவது கேட்கிறது. நான் என்ன சொல்லட்டும்? நீங்களே சொல்லிக்கொடுங்கள். அளவாக வெட்டிவிடாதீர்கள். ரெண்டு பக்கமும் தையலுக்குக் கொஞ்சம் விட்டுச் சொல்லுங்கள்.